கோழிக்குப் பங்காளி முதலை

எங்கள் மிருகக்காட்சி சாலையின் விசாரணைக் கவுண்டரில் நான் உட்கார ஆரம்பித்ததிலிருந்து என் தலையில் பாதி முடி போய்விட்டது. மக்கள் அதிகம் கேட்கும் கேள்வி, கழிப்பறை எங்கே என்பது. அடுத்தது, சிங்கம் எப்போது எழுந்திருக்கும். அதற்குப் பிறகுதான் அறிவியல் வரும். வௌவால் பறவையா, திமிங்கலம் மீன் இல்லையென்றால் ஏன் மீன் மாதிரி இருக்கிறது, பாம்புக்கு வால் எங்கே ஆரம்பிக்கிறது. எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். தெரியாததை இன்னும் உறுதியாகச் சொல்வேன். யாரும் திரும்பி வந்து புகார் கொடுத்ததில்லை.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, புது இயக்குநர் வந்து சேரும்வரை.

வந்த அன்றே அவர் தன் அறையின் சுவரை அடைத்து ஒரு படம் மாட்டினார். உயிர்களின் வம்ச மரம். அடியில் ஒரு தண்டு, அதிலிருந்து கிளை, கிளைக்குக் கிளை, நுனிகளில் பூஞ்சை, புழு, தவளை, யானை, நாம். படம் பெரிதாகிப்போனதால் ஜன்னலும் அதற்குள் போய்விட்டது. அன்றிலிருந்து பட்டப்பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் உலகத்து உயிர்களையெல்லாம் அவர் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். மடக்கி நீட்டுகிற ஒரு குச்சி எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். பேச்சு சூடுபிடித்தால் குச்சி நீளும். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் 'வம்சம்'. "வம்சம் வர்றார்" என்று யாராவது குரல் கொடுத்தால் டீ டம்ளர்கள் பெஞ்சுக்கு அடியில் போகும்.

முதல் கூட்டத்தில் வம்சம் எங்களைப் பார்த்து, அனுதாபத்தோடு, ஒரு கேள்வி கேட்டார். "உருவத்தை வெச்சு உறவைச் சொல்ல முடியுமா?"

எங்களுக்கு முடியும். ஆனால் கேட்கிற தோரணையிலேயே முடியாது என்பது தெரிந்துவிட்டதால் "முடியாது சார்" என்றோம்.

"இங்கே இத்தனை வருஷமா அதைத்தான் செஞ்சிட்டு இருந்திருக்கீங்க. கழுதைப்புலி நாய் மாதிரி இருக்குன்னு ஓநாய் பக்கத்துல வெச்சிருக்கீங்க. அது பூனைக்கு நெருக்கம். வல்லூறு கழுகு மாதிரி இருக்குன்னு கழுகு கூண்டுல. அது கிளிக்கு நெருக்கம். நீர்யானைக்கு யார் நெருக்கம்? சொல்லுங்க பார்ப்போம்."

"யானை" என்றது பின்வரிசை.

"திமிங்கலம்!" குச்சி நீண்டது. "இனிமே இந்த வளாகத்துல ஒவ்வொரு உயிரும் அதோட நெருங்கின சொந்தக்காரங்க இருக்கிற பிரிவுலதான் இருக்கும். உறவே ஒழுங்கு. புரிஞ்சுதா?"

குரங்குப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் கையைத் தூக்கினாள். எங்களுக்கெல்லாம் அவள் குரங்கு அக்கா. இரண்டு மனிதக்குரங்குகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கக்கூடியவள், குரலும் அதற்கேற்றபடி.

"சார், மனுஷன் எந்தக் கிளை?"

"உங்க பிரிவுதான். மனிதக்குரங்குகளோட."

"அப்ப நீங்க எனக்குக் கீழ வர்றீங்க."

"தத்துவார்த்தமா..."

"தடுப்பூசி செவ்வாய்க்கிழமை சார். வெறும் வயித்துல வந்துடுங்க."

சிரிப்பை அடக்கப் பாதிப் பேர் குனிந்து செருப்பைச் சரிசெய்தார்கள்.

கேலி ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம் நடந்தது. கழுதைப்புலி பூனைப் பிரிவுக்குப் போனது. போன இடத்தில் ராத்திரியெல்லாம் சிரித்து சிறுத்தையின் தூக்கத்தைக் கெடுத்தது. வல்லூறு கிளிக்கூண்டுக்குப் பக்கத்துக் கூண்டில் குடியேறியது. பார்வையாளர்களின் பரம்பரையையே இழுத்துத் திட்டுகிற கிளி ஒன்று எங்களிடம் இருந்தது. சித்தப்பா மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து உற்றுப் பார்த்த நாளிலிருந்து அது வாயையே திறக்கவில்லை. அதை வம்சம் தன் சாதனைகளில் சேர்த்துக்கொண்டார். திமிங்கலம் எங்களிடம் இல்லாததால் நீர்யானை சொந்தபந்தம் இல்லாத அநாதையாகி, இயக்குநரின் நேரடிப் பொறுப்பில் வந்தது. புல்வெளியில் முளைத்த காளானைப் பிடுங்கச் சொன்னபோது தோட்டக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "காளான் செடி இல்லைன்னு சாரே சொல்லிட்டார். செடியைவிட மிருகத்துக்குத்தான் நெருக்கமாம். மிருகக்காரங்களைக் கூப்பிடுங்க."

என் கவுண்டருக்கும் சோதனை வந்தது. மீன் என்று தனியாக ஒரு வம்சமே கிடையாது, தண்ணீரில் இருக்கிற பல கிளைகளுக்கு ஜனங்கள் வைத்த பொதுப்பெயர்தான் அது என்று வம்சம் கண்டுபிடித்து, 'மீன் காட்சியகம்' என்ற பலகையைக் கழற்றிவிட்டார்.

"மீனெல்லாம் எங்கேங்க இருக்கு?" என்று ஒரு அம்மாள் கேட்டாள், இடுப்பில் குழந்தையோடு.

"மீன்னு ஒன்னு கிடையாதுங்க."

"அப்ப அந்தத் தொட்டியில நீந்துறது?"

"அது வேற வேற ஆளுங்க."

அவள் குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, என்னிடமிருந்து ஓரடி தள்ளி நின்றாள்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியவைதான். விவகாரம் முதலையில் வந்து நின்றது.

முதலைக்கு எங்கள் வளாகத்தில் பெயர் 'மேனேஜர்'. காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒரே இடத்தில் அசையாமல் படுத்திருக்கும், வாய் மட்டும் திறந்திருக்கும். வேர்க்காத உடம்பு, வாயைத் திறந்துதான் சூட்டை வெளியே விடுகிறது. இது தெரியாத மக்கள் கொட்டாவி என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மேனேஜர் வேலை செய்வார். அதன் காப்பாளர் குளத்துக் கடைசிப்படியில் இறங்கி நின்று, இரும்பு வாளியைக் கரண்டியால் மூன்று தட்டுத் தட்டி, ஒரு கோழியைக் காலைப் பிடித்துத் தொங்கவிடுவார். தண்ணீர் பிளக்கும். கோழி இருந்த இடத்தில் கோழி இருக்காது. கூட்டம் கைதட்டும். எங்கள் வருமானமே அந்தக் கைதட்டலில்தான் ஓடியது.

அந்தக் காப்பாளரின் பட்டப்பெயர் 'செதில்'. ஊர்வனப் பிரிவு முழுவதும் அவர் கையில். பறவைப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் 'கீச்சு'. பெரிய உடம்பு, அதற்குள்ளிருந்து சின்னக் குரல், அதனால் அந்தப் பெயர். செதிலும் கீச்சுவும் சகலைகள். அக்காவைக் கட்டியவர் கீச்சு, தங்கையைக் கட்டியவர் செதில்.

செதில் ஒரு காலத்தில் பறவைப் பிரிவில்தான் இருந்தார், கீச்சுவுக்குக் கீழே. கல்யாணம் ஆன மறுவாரமே தூக்கி ஊர்வனவற்றில் போட்டுவிட்டார்கள். நெருங்கிய உறவினர்கள் ஒரே பிரிவில் வேலை செய்யக்கூடாது என்பது வாரியத்தின் விதி. கீச்சுதான் மேலிடத்தில் போட்டுக்கொடுத்தார் என்று செதிலுக்கு சந்தேகம். ஒரு குடும்ப விருந்தில் அது வெடித்தது. "தானியம் தூவுறதுக்கு எதுக்கு ரெண்டு பேரு, ஒரு பொம்மை போதும்" என்றார் செதில். "உன் முதலையைவிடப் பாறை மேல். பாறை வாயாவது திறக்காது" என்றார் கீச்சு. அன்றோடு பேச்சு நின்றது. அக்காவும் தங்கையும் தினமும் போனில் மணிக்கணக்காகப் பேசினார்கள். புருஷன்மார் இரண்டு பேரும் பேசவேண்டி வந்தால் நடுவில் நான் உட்காரவேண்டும். டீக்கொட்டகை பெஞ்சில் என் இடம் அதுதான். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர்.

"அவர்கிட்ட சொல்லு, தண்ணி மோட்டாரை அணைக்காம போயிட்டார்னு."

"அவர்கிட்ட சொல்லு, அணைச்சாச்சுன்னு."

இரண்டு பேருக்கும் இரண்டு பேர் சொல்வதும் கேட்கும். ஆனாலும் நான் சொன்னால்தான் கேட்டதாகக் கணக்கு.

அந்த வாரம் வம்சம் சுற்றறிக்கை அனுப்பினார். முதலைக்கு நெருங்கிய உறவு பல்லியோ பாம்போ ஆமையோ அல்ல, பறவை. ஆகவே முதலை உடனடியாகப் பறவைப் பிரிவுக்கு மாற்றப்படுகிறது. வரும் ஞாயிறு வாரியத் தலைவர் முன்னிலையில் பறவைக் காப்பாளரே அதற்கு உணவளிப்பார்.

கீச்சு அதைப் படித்துவிட்டு நேராக இயக்குநர் அறைக்குப் போனார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார், பேச்சு அவருக்குத் தடுமாறும் என்பதால்.

"சார், நான் பறவைக்காரன்."

"அதனாலதான்." வம்சத்தின் குச்சி மரத்தில் ஏறி ஒரு கிளையில் நின்றது. "இதோ பறவை. இதோ முதலை. ரெண்டுக்கும் பொதுவான மூதாதை இங்கே. பல்லி அங்கே பிரிஞ்சு போயிடுச்சு, தூரத்து உறவு. முதலைக்கு இதயத்துல நாலு அறை, பறவைக்கும் நாலு அறை. முதலையும் கூடு கட்டும். முட்டைக்குள்ள இருந்து குஞ்சு கத்தினா தாய் ஓடிவரும். உங்க கோழி என்ன செய்யுது?"

"அறை நாலு இருந்தா என்ன சார், ஒரு அறையிலயாவது ஈரம் இருக்கணும்ல? நான் வளர்த்த நாரை ஒன்னு கூண்டுல இருந்து பறந்து அந்தக் குளத்துக் கரையில இறங்குச்சு. நான் பார்த்துட்டே நிக்கிறேன். ஒரு சத்தம். அவ்வளவுதான். மூணு இறகு மிதந்துச்சு."

"இயற்கை."

"பங்காளியைப் பங்காளி முழுங்குறதா சார்?"

நான் குறுக்கிட்டேன். "அது நெருங்கின சொந்தம்னு அதைவிட அத்தாட்சி வேணுமா?"

கீச்சு என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நான் மிச்ச உதவியை நிறுத்திக்கொண்டேன்.

வம்சம் குச்சியை மடக்கினார். "முடியாதுன்னா எழுதிக் கொடுங்க. பறவைப் பிரிவை வேற ஆளுக்குக் கொடுத்துட்டு உங்களை வாகன நிறுத்தத்துக்கு அனுப்புறேன். அங்கே எதுவும் கடிக்காது."

அங்கேதான் அவர் தெரியாமல் சரியான இடத்தில் குத்தினார். கீச்சுவிடம் ஒரு இருவாச்சி இருந்தது. அலகு பெரிது, பிடிவாதம் அதைவிடப் பெரிது. ஜோடி செத்தபிறகு பட்டினி கிடந்து சாகப்போன பறவையை அவர்தான் பழத்தை மேலே தூக்கிப்போட்டு, அது அலகால் பிடிக்கும்வரை நாள் முழுக்கத் தூக்கிப்போட்டு மீட்டார். இன்றைக்கும் வேறு யார் கையிலும் அது தின்னாது. கீச்சு இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தால் அதுவும் கூடவே மெலியும். வாகன நிறுத்தத்துக்குப் போவதென்றால் இருவாச்சியைக் கொல்வது என்று அர்த்தம். குளத்தில் இறங்குவதென்றால் தன் கையை முதலைக்குக் கொடுப்பது என்று அர்த்தம். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், எதை விட்டுக்கொடுக்கலாம் என்று தேர்ந்தெடுப்பவர் மாதிரி.

"செதில்கிட்ட ஒரு வார்த்தை கேளேன்" என்றேன். "எப்படி நிக்கணும், எப்படிப் பிடிக்கணும்னு சொல்லித்தருவார்."

"அவன்கிட்டயா? அதுக்கு முதலை வாயே மேல்."

"வாய் ஒன்னுதான் இருக்கு. நல்லா யோசி."

"யோசிச்சாச்சு. என் வீட்டுக்காரி நேத்து பூரா அழுதா. அவ தங்கச்சி போன்ல ஆறுதல் சொல்றா. இவன் ஒரு வார்த்தை சொல்றானா பாரு. அவனுக்கு உள்ளுக்குள்ள கொண்டாட்டம்."

செதிலின் உள்ளுக்குள் என்ன நடந்தது என்பது மறுநாள் தெரிந்தது. கவுண்டருக்கு வந்து, பார்வையாளர் மாதிரி கம்பிக்கு வெளியே நின்றார். கண் சிவந்திருந்தது. மேனேஜரைப் பறிகொடுத்த துக்கம் என்று நினைத்தேன்.

"ஒரு கேள்வி."

"கேளு."

"பொதுவான கேள்விதான். ஒரு ஆளுக்குக் கை போச்சுன்னு வெச்சுக்கோ. அவன் பொண்டாட்டியோட தங்கச்சி புருஷனுக்கு வீட்டுல சாப்பாடு கிடைக்குமா?"

"யாரு சொன்னா?"

"எங்க வீட்டுல. 'எங்க அக்கா புருஷன் மேல ஒரு கீறல் விழுந்தா இந்த அடுப்பு உனக்கு எரியாது'ன்னு நேத்து ராத்திரி பாத்திரத்தை வெச்சா பாரு, அந்தச் சத்தத்துக்கு முதலை நல்லது." மூக்கை உறிஞ்சினார். "நான் என்ன தப்பு செஞ்சேன்? என் முதலையைப் பிடுங்கிட்டாங்க. அது குட்டியா ஷூ நீளம் இருந்தப்பவே வளர்த்தேன். அதுக்கு மேல பட்டினி வேற."

"போய் கீச்சுகிட்ட விவரம் சொல்லிக்கொடு. கதை முடிஞ்சது."

"அவர் வந்து கேட்கட்டும்."

"அவர், நீ வந்து சொல்லணும்ங்கிறார்."

"அப்ப சரி" என்று போய்விட்டார். எது சரி என்று எனக்குப் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் கவுண்டரை மூடும்போது செதில் இரண்டு கையிலும் இரண்டு மூடி போட்ட வாளியோடு குளத்துப் பக்கம் போவதைப் பார்த்தேன். தோள் இரண்டும் கனத்தில் இறங்கியிருந்தன.

"எங்கே?"

"விடைபெறப் போறேன். நீ உன் கவுண்டரைப் பூட்டு."

விடைபெறுவதற்கு எதற்கு வாளி என்று கேட்டிருக்கலாம். விசாரணை எனக்கு அலுவலக நேரத்தோடு முடிந்துவிடும்.

ஞாயிறு வந்தது. வாரியத் தலைவர் வந்தார். குட்டையான, எதற்கும் அவசரப்படாத மனிதர். அவர் எங்கே போனாலும் ஒருவன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவான். வம்ச மரத்தின் ஒரு சின்னப் பிரதியைக் குளக்கரையில் நட்டுவைத்து, வம்சம் ஒலிபெருக்கியைப் பிடித்தார். பொதுவான மூதாதையிடமிருந்து ஆரம்பித்தார். வெயில் ஏறியது. கூட்டத்தில் குழந்தைகள் அழ ஆரம்பித்தன. பறவைக்கும் முதலைக்கும் பொதுவான தாத்தாவை அவர் எட்டியபோது தலைவர் இரண்டாவது தடவையாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"...ஆகவே இன்று, நெருங்கிய உறவினரின் கையால் அந்த உயிர் உணவு பெறப்போகிறது!"

நெருங்கிய உறவினர் படியில் இறங்கினார். ஒரு கையில் வாளி. மறு கையில் கரண்டி. கீச்சுவின் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. குரங்கு அக்கா என் பக்கத்தில் நின்று வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள், வேண்டுதலா வசவா தெரியவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு செதில். அவர் பார்வை கீச்சுவின் பாதத்திலேயே இருந்தது.

கடைசிப்படி. மேனேஜர் எதிர்க்கரைச் சேற்றில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தார். கீச்சு வாளியைத் தட்டினார். மூன்று தட்டு கேட்கவில்லை, அவர் தட்டிய அவசரத்தில் முப்பது கேட்டது. பிறகு கோழியைக் காலைப் பிடித்துத் தொங்கவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணை மூடினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு கண்ணைத் திறந்தார். மேனேஜர் அப்படியே இருந்தார். மறுபடி தட்டினார். மேனேஜர் மெதுவாக, மிக மெதுவாக, திறந்திருந்த வாயை மூடிக்கொண்டார்.

கூட்டத்தில் விசில் பறந்தது. "பொம்மையாடா இது?" என்றது ஒரு குரல். "பணத்தைத் திருப்பிக் கொடு!" என்றது இன்னொன்று.

தலைவர் வம்சத்தைப் பார்த்தார். "உயிரோட இருக்கா?"

ஆயுள் முழுக்க இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தவர் போல வம்சம் மலர்ந்தார். "உயிருள்ளவற்றுக்குச் சில பொதுப் பண்புகள் உண்டு சார். அசைவு, சுவாசம், வளர்ச்சி, கழிவு, இனப்பெருக்கம், உணவு..."

"உயிரோட இருக்கான்னு கேட்டேன்."

"...தூண்டலுக்குத் துலங்கல்! அதை உடனே நிரூபிக்கலாம் சார்." ஒலிபெருக்கியில் குரல் கொடுத்தார். "காப்பாளரே! கரையைச் சுத்திப் போய் கம்பால அதைத் தொடுங்க. முகத்துப் பக்கம்."

கீச்சு மேலே பார்த்தார். படியோரம் சாத்தியிருந்த கம்பைப் பார்த்தார். தூரத்தில் இருவாச்சிக் கூண்டு இருக்கும் திசையை ஒருமுறை பார்த்தார். பிறகு கம்பை எடுத்துக்கொண்டு சேற்றில் கால் வைத்தார். மேனேஜரின் வால் ஒரு விரற்கடை நகர்ந்தது. கூட்டம் அதைக் கவனிக்கவில்லை. ஒரு ஆள் கவனித்தார்.

"யோவ் சகலை! தொடாதய்யா! அப்படியே பின்னாடி வா! முதுகைக் காட்டாதே!"

கட்டின கை அவிழ்ந்து செதில் படிகளில் ஓடிக்கொண்டிருந்தார். கீச்சு அப்படியே நின்றார், பிறகு ஒவ்வொரு அடியாகப் பின்வாங்கினார். கடைசி அடியில் செதில் அவர் சட்டைக் காலரைப் பிடித்துப் படியின்மேல் இழுத்துப்போட்டார். அவர்கள் மேலே வந்து விழுவதற்கும், கீச்சு நழுவவிட்ட கம்பு கிடந்த இடத்தில் ஒரு வாய் வந்து மூடுவதற்கும் சரியாக இருந்தது. கம்பு இரண்டாகப் போனது.

"உயிரோட இருக்கு" என்றார் தலைவர்.

கூட்டம் கைதட்டியது. வம்சத்துக்கு அந்தக் கைதட்டல் போதவில்லை. "ஊர்வனப் பிரிவுக்கு இங்கே என்ன வேலை?"

செதில் மூச்சிரைக்கச் சொன்னார். "சார், அது வயிறு நிறைஞ்சு கிடக்கு. வெள்ளிக்கிழமை நான்தான் போட்டேன். ரெண்டு வாளி. போதும் போதும்னு திரும்பிப் படுக்கிறவரைக்கும். இனிமே மூணு வாரத்துக்கு அது தீனிக்கு வாயைத் திறக்காது. கோபம் வந்தாத்தான் திறக்கும். நிறைஞ்ச வயித்துல யார் வந்து குத்தினாலும் கோபம் வராதா?"

"பிரிவு தாண்டி உணவு! இது ஒழுங்கு நடவடிக்கைக்கு..."

"இருங்க" என்றார் தலைவர். நாற்காலி வந்தது. உட்கார்ந்தார். "மூணு வாரம் சாப்பிடாம வேலை செய்யுமா?"

"அது உடம்பு வாகு அப்படி சார்" என்றார் செதில். "உடம்பை வெயில்தான் சூடாக்கணும், அதனால தீனி கம்மி."

"பறவை?"

கீச்சு சேற்றைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "அது உடம்பு உள்ளயே அடுப்பு எரியும் சார். விடிஞ்சா போட்டாகணும். சின்னக் குருவியா இருந்தா ஒரு நாள் விட்டாலே போயிடும்."

"ரெண்டும் ஒரே பிரிவுல ஏன் இருக்கு?"

வம்சம் முன்னால் வந்தார். குச்சி நீண்டது. "நெருங்கிய உறவினர்கள் சார்! இன்றைக்கு உயிரோடு இருப்பவற்றில் முதலைக்கு இதைவிட நெருங்கிய சொந்தம் கிடையாது. எந்த ஆய்வாளரும் மறுக்க முடியாது."

"நிச்சயமா?"

"நூறு சதவீதம் சார்."

தலைவர் மரத்தைப் பார்த்தார். "நானும் என் தம்பியும் ஒரே வயித்துல பிறந்தவங்க. அவனை இந்த வாரியத்துல கணக்குப் பிரிவுல வெச்சிருந்தேன். நடந்தது எனக்குத்தான் தெரியும். அதுக்கு அப்புறம்தான் நெருங்கிய உறவினர் ஒரே பிரிவுல இருக்கக்கூடாதுன்னு விதியே போட்டேன். நானே போட்ட விதி. அதை மீறி நீங்க ஒரு வளாகம் பூராவும் சொந்தபந்தத்தை ஒன்னா சேர்த்து வெச்சிருக்கீங்க."

"சார், அது ஊழியர்களுக்கு... இது விலங்குகள்..."

"வருமானம் கொண்டுவருதா இல்லையா? அப்ப ஊழியர்தான்." எழுந்தார். நாற்காலி பின்னால் நகர்ந்தது. "உறவுன்னு நீங்களே நிரூபிச்சிட்டீங்க. நாளைக்குள்ள பிரிச்சுடுங்க. இதை அந்தக் காலர் பிடிச்ச ஆள்கிட்டயே கொடுங்க."

வம்சம் குச்சியை மடக்க முயன்றார். அது பாதியில் சிக்கிக்கொண்டது.

திங்கட்கிழமை பழைய உலகம் திரும்பியது. வம்சம் தோற்றுப்போன முகத்தோடு இல்லை. 'உறவினர் விலக்கல் முறை' என்று புதுப் பெயர் வைத்து, தானே கண்டுபிடித்தது போல இன்னொரு சுற்றறிக்கை அனுப்பினார். பூனையின் சொந்தமான கழுதைப்புலி ஓநாய்ப் பக்கம் போனது, சிறுத்தை தூங்கியது. வல்லூறு போன அரைமணி நேரத்தில் கிளி ஒரு பள்ளிக்கூட ஆசிரியையின் மூன்று தலைமுறையையும் நலம் விசாரித்தது. செதிலுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதமும் மேனேஜரும் கிடைத்தன. கடிதத்தை வாளிக்கு அடியில் வைத்துக்கொண்டார், ஆடாமல் நிற்க. காளானைத்தான் இன்னும் யாரும் பிடுங்கவில்லை. மீனும் இன்னும் கிடையாது. அந்தப் பலகையைத் திரும்ப மாட்ட ஆணி இல்லை என்கிறார்கள்.

அன்று சாயங்காலம் டீக்கொட்டகையில் என் இடத்தில் உட்கார்ந்தேன். இந்தப் பக்கம் கீச்சு. அந்தப் பக்கம் செதில். இருவாச்சிக்கு ஊட்டிவிட்டு வந்த பழச்சாறு கீச்சுவின் விரலில் காய்ந்திருந்தது. பத்து விரலும் இருந்தன. நான் ஆவலாகத்தான் இருந்தேன். ஊர் முன்னால் 'சகலை' என்று கூப்பிட்டாயிற்று, காலரைப் பிடித்தாயிற்று, இனி எனக்கு இந்த உத்தியோகம் இருக்காது என்று நினைத்தேன்.

கீச்சு தொண்டையைக் கனைத்தார்.

"அவர்கிட்ட சொல்லு, சட்டையில ரெண்டு பொத்தான் போயிடுச்சுன்னு."

"அவர்கிட்ட சொல்லு, கையைவிடப் பொத்தான் மலிவுன்னு."

"அவர்கிட்ட சொல்லு, ஊர் கேட்க யாரும் என்னை 'யோவ்'னு கூப்பிடத் தேவையில்லைன்னு."

"அவர்கிட்ட சொல்லு, 'வாங்க போங்க'ன்னு கூப்பிட அங்கே நேரம் இல்லைன்னு."

"அவர்கிட்ட கேளு, வீட்டுல அடுப்பு எரியுதான்னு."

செதில் டீயை ஊதினார். "அவர்கிட்ட சொல்லு, நேத்து எரிஞ்சுது. அக்காவும் அவரும் வர்ற ஞாயித்துக்கிழமை சாப்பிட வரணும்னு வீட்டுல சொன்னாங்க. நான் சொல்லல. வீட்டுல சொன்னாங்க."

இதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. குடித்த டீ அப்படி. எழுந்து கழிப்பறைக்குப் போனேன், அது எங்கே இருக்கிறது என்று இந்த வளாகத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. நான் இல்லாத நேரத்தில் இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசியே ஆகவேண்டும் என்பதால், வேண்டுமென்றே கொஞ்சம் தாமதித்துத் திரும்பினேன்.

இரண்டு பேரும் பெஞ்சின் இரண்டு முனைகளிலும் அப்படியே இருந்தார்கள். நடுவில் என் காலி டம்ளர்.

"அவர்கிட்ட சொல்லு" என்று கீச்சு டம்ளரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார், "ஞாயித்துக்கிழமை மேனேஜருக்குத் தீனி இல்லையே, அதனால சீக்கிரமே வந்துடுவோம்னு."

"அவர்கிட்ட சொல்லு" என்றார் செதில் அதே டம்ளரிடம், "வரும்போது பொத்தானைக் கொண்டுவரச் சொல்லி. எங்க வீட்டுல தெச்சுத் தருவாங்க."